அபயம் அளிக்கும் இல்லம்

வீதராகப் பெருமானின் திருவடிகளை மனமொழி மெய்களால் வணங்கி, இல்லறத்தார் அனைவரும் சிந்தித்தற்குரிய ஒரு பொருளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

பவ்ய ஜீவர்களே! நம் இல்லங்களில் பூஜை நடைபெறுகின்றது. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நோன்பு நோற்கப்படுகின்றது. கதிரவன் மறையும் முன்னரே உண்டு முடிக்கும் ஒழுக்கமும் பல குடும்பங்களில் இன்றளவும் காக்கப்பட்டு வருகின்றது. இவையெல்லாம் நம் முன்னோர் விட்டுச் சென்ற அருஞ்செல்வங்கள். ஆயினும், குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து, தத்தம் மனக்குறைகளைத் திறந்து பேசி, கூடி முடிவெடுக்கும் வழக்கம் எத்தனை இல்லங்களில் உள்ளது? அவ்வாறு கூடும் இல்லங்களிலும், அக்கூட்டத்தை நடத்தும் பொறுப்பை ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ ஒப்படைக்கும் பெற்றோர் எத்தனை பேர்?

வீட்டுப் பேச்சுக்கும் அறத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நம் ஆசாரியர்கள் தானத்தை ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என நான்காக வகுத்துள்ளனர். பசித்தவர்க்குச் சோறும், பிணியாளர்க்கு மருந்தும், கற்பார்க்கு நூலும் நாம் மகிழ்வோடு வழங்குகின்றோம். அஞ்சிய உயிரின் அச்சத்தை நீக்குதலாகிய அபய தானத்தையும் செய்கின்றோம்; வெட்டுக்குச் செல்லும் ஆட்டையும் மாட்டையும் விலை கொடுத்து மீட்போர் நம்மிடையே உண்டு. அந்த அபயம், நம் வீட்டுக் கூடத்தில் நம் கண்முன் வளரும் குழந்தைக்குக் கிடைத்துள்ளதா? கை தவறி உடைந்த பாத்திரத்தை மறைத்து வைக்கும் குழந்தை, பள்ளியில் பெற்ற குறைந்த மதிப்பெண்ணைச் சொல்ல நடுங்கும் குழந்தை, வெளியில் எவரோ தனக்கு இழைத்த தீங்கை வீட்டில் உரைக்க அஞ்சி உள்ளுக்குள் குமையும் குழந்தை ஆகிய இவர்கள் அனைவரும் அபயம் பெறாத உயிர்களே. சொல்ல இடமின்றித் தவிக்கும் குழந்தைக்கு நேரும் கேடு சிறிதன்று. ஆகவே, குடும்பக் கூட்டத்தைத் தலைமை ஏற்று நடத்தக் குழந்தையைப் பழக்குதல் அபய தானத்தின் ஒரு வடிவமே என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

யசோதரனின் அரண்மனை

நம் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் இதற்குத் தக்க சான்று. வடமொழியில் சோமதேவ சூரி 959ஆம் ஆண்டில் யசஸ்திலகமாகவும், கன்னடத்தில் ஜன்னகவி 1209ஆம் ஆண்டில் யசோதர சரிதமாகவும் பாடிய அக்கதை, தமிழிலும் ஐந்து சருக்கங்களாக நமக்குக் கிடைத்துள்ளது. சமணப் பெருமக்கள் பல மொழிகளில், பல நூற்றாண்டுகளாக இதனைத் திரும்பத் திரும்பப் பாடியமைக்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

உஞ்சயினி வேந்தன் யசோதரன் தன் மனைவியின் பிழையொழுக்கத்தைக் கண்டு மனம் உடைந்தான். மகனின் முகவாட்டத்தைக் கண்ட தாய் சந்திரமதி காரணம் வினவினாள். அவன் உள்ளதைச் சொல்லவில்லை. தீக்கனவு கண்டதாக மறைத்துரைத்தான். கனவின் தீமை நீங்க உயிர்ப்பலி இடுக என்றாள் தாய். உயிர்க்கொலைக்கு அவன் உடன்படவில்லை. அவ்வாறாயின் மாவினாற் செய்த கோழியையேனும் பலியிடுக என்று அவள் வற்புறுத்தினாள். தாய் சொல்லைத் தட்ட மாட்டாமல் அவன் இசைந்தான். மாக்கோழியை வெட்டிய அவ்வெண்ணக் கொலையின் வினையால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்தனர். பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று பெருந்துயர் உற்றனர்.

இதனை உயிர்ப்பலியைக் கண்டிக்கும் கதை என்றே நாம் கேட்டு வந்துள்ளோம். அது முற்றிலும் உண்மை. ஆயினும், அந்த அரண்மனையில் நிகழ்ந்த உரையாடலையும் சற்று உற்று நோக்குவோம். அங்கே மகனுக்குத் தன் துயரைத் தாயிடம் உள்ளவாறு உரைக்க வாய் வரவில்லை. தாய்க்கோ மகன்பால் அளவற்ற அன்பு இருந்தது. அவன் சொல்லாததைக் கேட்டறியும் பொறுமை இல்லை. இறுதியில், தகாது என்று நெஞ்சு அறிந்த ஒன்றுக்கு, பணிவு காரணமாக அவன் தலையசைத்தான். மறைத்த பேச்சு, கேளாத செவி, மனச்சான்றுக்கு மாறான இசைவு என்னும் இம்மூன்றும் கூடிய இடத்தில் வினை விளைந்தது. இன்று நம் இல்லங்களில் மாக்கோழி வெட்டுவார் இல்லை. அம்மூன்றும் இல்லை என்று துணிந்து சொல்ல நம்மால் இயலுமா?

காவியத்தின் மறுபக்கத்தைக் காண்போம். மாரிதத்தன் என்னும் மன்னன் சண்டமாரிக்குப் பலியிடுதற்பொருட்டு ஓர் இளஞ்சிறுவனும் அவன் தங்கையும் பிடித்து வரப்பட்டனர். அவர்கள் சுதத்த முனிவரின் சங்கத்தைச் சார்ந்தவர்கள். பெயர் அபயருசி, அபயமதி. இருவர் பெயரிலும் அபயம் என்னும் சொல் அமைந்திருத்தலைக் காண்க. உருவிய வாளின் முன்னும் அக்குழந்தைகள் நடுங்கவில்லை, மன்னனை வையவுமில்லை. அவன் கேட்டபோது, யசோதரன் தொடங்கித் தம் பிறவிகளின் வரலாற்றை அமைதியாக எடுத்துரைத்தனர். அச்சிறுவர் சொல்லைச் செவிமடுத்த மன்னன் பலியைக் கைவிட்டு அறநெறி பூண்டான். அன்று ஒரு பேரவையையே நல்வழிப்படுத்தியோர் இரண்டு குழந்தைகள்!

அக்குழந்தைகள் யாவர்? யசோதரனும் அவன் தாய் சந்திரமதியுமே, பிறவிகள் பல கடந்து, யசோதரனின் மகனுக்கே மக்களாகப் பிறந்தனர் என்கின்றது காவியம். தந்தை தன் மகனுக்கு மகனானார். பாட்டி பேரனுக்கு மகளானார். இங்கே நாம் ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும். குழந்தை என்று நாம் அழைப்பது உடலின் வயதைக் கருதியே. உயிர் அநாதியானது. உங்கள் மடியில் அமர்ந்து பேசும் மழலைக்குள் இருக்கும் உயிர், உங்கள் உயிரினும் இளையதன்று. எட்டாண்டு நிறைந்த பிள்ளை விரதம் ஏற்கத் தகுதி உடையது என்பது நம் ஆகமக் கொள்கை. விரதம் ஏற்கத் தகுதியுடைய உயிர், வீட்டில் உள்ள ஐவரையோ அறுவரையோ அமர்த்தி ஒரு நாழிகை பேச்சை நடத்தத் தகுதியற்றதாகுமோ?

விநயம் குறையுமா?

இவ்வாறு பழக்கினால் பெரியோரிடத்துப் பிள்ளைகளுக்குள்ள விநயம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்தை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. விநயம் நம் சமயத்தில் அகத்தவம் ஆறனுள் ஒன்று. ஆயின், அதே ஆறனுள் சுவாத்தியாயமும் ஒன்று. அதன் ஐந்து உறுப்புகளுள் வாசித்தலுக்கு அடுத்ததாக ஐயம் வினவுதல் வைக்கப்பட்டுள்ளது. வினவுதலை ஆசாரியர்கள் தவமாகவே போற்றியுள்ளனர். சிரேணிக மன்னன் வினவியதனாலன்றோ கௌதம கணதரர் விடையாகப் புராண வரலாறுகள் விரிந்தன! வினவிய மன்னனின் விநயம் அதனால் குறையவில்லை, வினவியதே விநயமாயிற்று.

வாய்மூடியிருத்தல் வேறு, விநயம் வேறு. அச்சத்தால் வாய்மூடிய பிள்ளை, அச்சம் நீங்கிய நாளில் பெற்றோரை எதிர்த்துப் பேசும். அல்லது ஒரு சொல்லும் சொல்லாமல் விலகிச் செல்லும். பேசவும், பிறர் பேசக் கேட்கவும், பொறுப்பு ஏற்கவும் பழகிய பிள்ளையின் விநயமோ அறிவினின்று பிறந்தது. அது நாளடைவில் வளருமேயன்றித் தேயாது.

மலைச்சாரலில் மூன்று சான்றுகள்

தலைமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் கட்டளையிடுதல் என்றே பலர் பொருள் கொள்கின்றனர். குழந்தைக்கு நாம் பழக்க வேண்டிய தலைமை அதுவன்று. வேறு வகையான தலைமைக்குப் பழனி மலைச்சாரலிலேயே நமக்கு மூன்று சான்றுகள் உள்ளன. ஒன்று பாறை, ஒன்று பாதை, ஒன்று மக்கள்.

பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலை நம்மவர் அறிந்த திருத்தலம். பழங்காலத்தில் திருவயிரை என வழங்கிய அம்மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு எனக் குறிக்கின்றது. அம்மன்னனின் காலத்தை வரலாற்றறிஞர்கள் உறுதி செய்ததும் இக்கல்வெட்டைக் கொண்டே. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரரின் திருவுருவையும் இயக்கியர் திருவுருவங்களையும் புதுப்பித்து, வழிபாடு இடையறாது நடைபெறவும் அடிகள் ஒருவருக்கு உணவு அளிக்கவும் 505 காணம் பொன் வைத்த செய்தியை அது கூறுகின்றது. இங்கே கருதத்தக்கது, புதுப்பித்தவர் மாணாக்கர் என்பது. முன்னோர் செய்து வைத்தது காலத்தால் மங்கும். அடுத்த தலைமுறையினர் கைப்பொறுப்பாக ஏற்றுப் புதுப்பித்தாலன்றி அது நிலைபெறாது. அப்பொறுப்பை ஏற்கும் கை ஒரே நாளில் உருவாவதன்று. இளமையிலேயே பழக்கப்படுதல் வேண்டும்.

இனி, பாதை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் வடகவுஞ்சி என்னும் ஊர் உள்ளது. ஐவர்மலையைத் தரிசித்தபின் பிள்ளைகளுடன் கொடைக்கானல் செல்வோர் அவ்வூரைக் கடந்தே பெருமாள்மலையை அடைவர். வளைந்து வளைந்து செல்லும் அச்சாலையில், அகலம் போதாத இடத்தில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் எது ஒதுங்க வேண்டும்? ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலைகளுக்குரிய போக்குவரத்து விதி. ஏறும் வண்டி இடையில் நின்றால் மீண்டும் உந்தி எழுதல் அரிது. இறங்கும் வண்டி சற்று நின்றாலும் அதற்கு இழப்பில்லை. வாழ்க்கை மலையில் பிள்ளைகள் ஏறி வருகின்றனர். நாம் இறங்கிக் கொண்டிருக்கின்றோம். வழிவிடுதலால் நமக்குத் தாழ்வு இல்லை. வழிவிடாது நிற்போமாயின், ஏறி வருபவர் நடுவழியில் நின்றுவிடுவர்.

அவ்வூர் மற்றொன்றையும் கற்பிக்கின்றது. பழனியிலிருந்து ஏறுவோர்க்கு வடகவுஞ்சி மேலே உள்ள குளிர்ந்த ஊர். கொடைக்கானலிலிருந்து இறங்குவோர்க்கு அது கீழே உள்ள வெம்மையான ஊர். இருவர் கூற்றும் உண்மை. ஒன்று மட்டுமே முழு உண்மையன்று. இதுவே அநேகாந்தம். ஒரு நோக்கில் இவ்வாறு, மற்றொரு நோக்கில் அவ்வாறு என்று கூறும் சியாத்வாதத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நூல் வழியாகக் கற்பித்தல் கடினம். வீட்டுக் கூட்டத்தில் பாட்டி சொல்வதையும் தம்பி சொல்வதையும் கேட்டு, இருவர் சொல்லிலும் உள்ள உண்மையை எடுத்துரைக்கும் பொறுப்பை அப்பிள்ளையிடம் ஒப்படைத்தால், அது தானே அநேகாந்தத்தைக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது சான்று மக்கள். பழனி மலைத்தொடரில் வாழும் பழங்குடியினருள் பளியர் ஒருவர். உணவு முறையில் நம்மினின்று வேறுபட்டோர் ஆயினும், பகைமையின்றி வாழும் அவர்தம் நெறி நாம் வணங்கத்தக்கது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் பீட்டர் கார்ட்னர் 1960களில் பளியர் குடியிருப்புகளில் தங்கி ஆராய்ந்து பல நூல்களும் கட்டுரைகளும் எழுதினார். ஒருவரை மற்றவரினும் தாழ்வாக நடத்துதலைப் பளியர் தரக்குறைவு என்னும் சொல்லால் குறித்தனர் என்றும், அத்தரக்குறைவு எவருக்கும், சிறு குழந்தைக்கும் நேரலாகாது என்பது அவர்தம் கோட்பாடு என்றும் அவர் எழுதியுள்ளார். அவர்களிடையே ஒருவர் மற்றவர்க்குக் கட்டளையிடுவதில்லை. பிணக்கு நேர்ந்தால், சினம் மூள்வதற்கு முன் ஒருவர் விலகிச் செல்வார்; அல்லது மூன்றாமவர் ஒருவர் இன்சொல்லாலோ நகைச்சுவையாலோ இருவரையும் அமைதிப்படுத்துவார். மதிக்கத்தக்கவராகத் திகழ்பவர், அடக்கி ஆள்பவர் அல்லர், ஆற்றுப்படுத்துபவரே. இத்தகைய தலைமையையே நாம் நம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

உலகின் பிற பகுதிகளிலும் இக்கருத்து வலுப்பெற்றுள்ளது. வியன்னாவில் ஆல்ஃபிரட் அட்லரின் வழியில் பயின்று பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்னும் உளநல மருத்துவர், குடும்பத்தார் குறித்த நேரத்தில் கூட வேண்டும் என்றும், தலைமைப் பொறுப்பு பிள்ளைகள் உட்பட அனைவருக்கும் முறைவைத்து வரவேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தம்மைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துரைக்கும் உரிமை குழந்தைகட்கு உண்டு என்கின்றது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. நம் தமிழகத்திலேயே குழந்தைகள் பாராளுமன்றம் என்னும் பெயரில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூடி, தமக்குள் அமைச்சர்களைத் தேர்ந்து, குடிநீர், தெருவிளக்கு முதலிய ஊர்ப் பொதுக் காரியங்களைப் பேசிப் பழகுகின்றனர். ஊர்க் காரியம் பேசும் பிள்ளைக்கு வீட்டுக் காரியம் பேச இடமில்லை என்றால், அது நமக்குப் பெருமை தருவதாகாது.

பழக்கும் முறை

இனி, இதனை நடைமுறையில் கொணரும் வழியைக் காண்போம்.

நேரம்: நம்மவர்க்குப் பகலுணவும் மாலையுணவும் கதிரவன் மறையும் முன் முடிந்துவிடுவதால், அதன் பின்வரும் பொழுது ஓய்வானது. சாமாயிகத்திற்குரிய காலம் ஒரு முகூர்த்தம், அதாவது 2 நாழிகை, 48 நிமிடம். பிள்ளைகள் நடத்தும் கூட்டத்திற்கு அதிற் பாதியாகிய ஒரு நாழிகை, 24 நிமிடம் போதுமானது. வாரம் ஒருமுறையோ, சதுர்த்தசி தோறுமோ தவறாது கூடுக. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்நேரத்தில் ஓய்வு பெறட்டும்.

இருக்கை: சமவசரணத்தில் பகவானைச் சூழ்ந்து பன்னிரு கோட்டங்களில் தேவரும் மனிதரும் விலங்கினங்களும் வீற்றிருந்து கேட்டனர். எத்திசையில் இருந்தோர்க்கும் பகவானின் திருமுகம் தெரிந்தது. அதனை நினைவிற்கொண்டு வட்டமாக அமர்க. முழங்கால் நோயுள்ள முதியோர் தவிர அனைவரும் தரையிலேயே அமர்தல் நன்று.

தொடக்கம்: தலைமை ஏற்கும் பிள்ளை பஞ்ச நமஸ்காரம் சொல்லித் தொடங்கட்டும். பின்னர் ஒவ்வொருவரும், சென்ற வாரத்தில் இவ்வீட்டார் ஒருவரிடம் தாம் பெற்ற ஓர் உதவியைக் கூறுக. அடுத்து, தவறு நேர்ந்திருப்பின் மன்னிப்புக் கேட்டல். இதனைப் பெரியோரே முதலில் செய்க. தசலட்சண பர்வம் முடிந்தபின் க்ஷமாவாணி நாளில் ஊரார் அனைவரிடமும் கைகூப்பி மன்னிப்பு வேண்டும் நாம், ஆண்டு முழுதும் நம் வீட்டுப் பிள்ளையிடம் அதனைக் கேளாதிருத்தல் பொருந்துமா? தந்தை தன் கடுஞ்சொல்லுக்காக மகளிடம் மன்னிப்பு வேண்டும் காட்சியைக் கண்ட பிள்ளைக்கு, உத்தம க்ஷமையைப் பற்றி வேறு பாடம் தேவையில்லை.

பேசுபொருள்: சமையலறைச் சுவரில் ஒரு குறிப்பேடு தொங்கட்டும். பேச விரும்பும் பொருளை எவரும் அதில் எழுதலாம். நோன்பு நாள் உணவு, வீட்டு வேலைப் பங்கீடு, கோடை விடுமுறைப் பயணம், முதியோரைக் காணச் செல்லும் நாள், புதிதாக வாங்க வேண்டிய பொருள் முதலியன ஏற்றவை. பொருள் வாங்குதல் பற்றிப் பேசுகையில், இம்மாதம் இதற்கு இவ்வளவே செலவிடலாம் என்னும் எல்லையைப் பெரியோர் முதலிலேயே கூறிவிடுக. அவ்வெல்லைக்குள் எது தேவை, எது ஆசை எனப் பிள்ளைகளே பகுத்துப் பேசும்போது, பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதம் அவர்கள் வாழ்வில் வேரூன்றும்.

முடிவு: வாக்கெடுப்பு வேண்டா. வாக்கெடுப்பில் வென்றோரும் தோற்றோரும் தோன்றுவர். ஒரு வீட்டில் தோற்றவர் இருத்தலாகாது. அனைவரும் மன அமைதியோடு ஏற்கத்தக்க வழி கிட்டும் வரை பேசுக. கிட்டாவிடின் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்க. முடிவானதைத் தலைமை ஏற்ற பிள்ளை தன் சொற்களில் கூறி, குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை அது நிறைவேறியதா எனக் கேட்டறிதல் வேண்டும்.

படிப்படியாகப் பழக்குதல் இன்றியமையாதது. ஐந்தாறு வயதுக் குழந்தை நமஸ்காரம் சொல்லித் தொடங்கி வைக்கட்டும். எட்டு வயது நிறைந்தபின், யார் முறை என்று கூறிப் பேச அழைக்கட்டும். “தாத்தா, இப்போது தங்கள் முறை; பாட்டி பேசி முடித்ததும் தம்பி பேசுவான்” என்று அப்பிள்ளை கூறும்போது, தாத்தா அதற்குக் கட்டுப்படுதல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் பேசுபொருளை வரிசைப்படுத்திக் குறிப்பு எழுதட்டும். பதினான்கு வயதுக்குமேல், கருத்து மாறுபட்ட இருவரின் கூற்றையும் எடுத்துரைத்து இணக்கம் காணும் பணியை ஏற்கட்டும்.

பெரியோர்க்குரிய விரதம்

குழந்தைக்குப் பழக்குதலினும் கடினமானது, பெரியோர் தம்மைப் பழக்கிக் கொள்ளுதல். முனிவர்கட்கு வசன குப்தி வாழ்நாள் முழுதும் உரியது. இல்லறத்தாராகிய நாம் அந்த ஒரு நாழிகை மட்டுமேனும் நான்கு தவிர்ப்புகளை விரதமாக ஏற்போம். இடைமறித்துப் பேசுதலைத் தவிர்ப்போம். பிள்ளையின் சொல் கேட்டு எள்ளி நகைத்தலைத் தவிர்ப்போம். பழைய குற்றங்களை எடுத்து நீட்டுதலைத் தவிர்ப்போம். அக்கூட்டத்தில் உண்மை சொன்னமைக்காகப் பின்னர்த் தண்டித்தலைத் தவிர்ப்போம். இவற்றுள் நான்காவது தவறினால் கூட்டம் அன்றோடு முடிந்தது. ஒருமுறை உண்மை சொல்லித் துன்புற்ற பிள்ளை, மறுமுறை யசோதரனைப்போல் கனவு கண்டதாகவே கூறும்.

பிள்ளைகள் தொடக்கத்தில் தடுமாறுவர். தலைமை கிட்டியவுடன், இனி மாலையில் எவரும் படிக்கச் சொல்லலாகாது என்று ஒரு சிறுவன் ஆணையிடவும் கூடும். அப்போது அவனிடமிருந்து பொறுப்பைப் பறித்தல் தகாது. “நல்லது கண்ணே, இதைப்பற்றி அம்மா என்ன எண்ணுகிறாள், அக்கா என்ன எண்ணுகிறாள் என்று கேட்டுப் பார்” என்று நினைவூட்டினால் போதும். தலைமை என்பது தன் விருப்பத்தைச் செலுத்துதல் அன்று, பிறர் மனத்தைக் கேட்டறிதல் என்பதை அவனே உணர்வான்.

எல்லையும் உண்டு. குடும்பத்தின் கடன்சுமை, கணவன் மனைவியரிடையே நேரும் ஆழ்ந்த வேறுபாடு, உறவினரிடையே உள்ள சொத்து வழக்கு போன்றவற்றைக் குழந்தையின் தோளில் ஏற்றுதல் இம்சையே. பெரியோர் தனியே பேச வேண்டியதைத் தனியே பேசுக. அன்றியும், கூட்டத்தை ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தும் நீதிமன்றமாக ஆக்கலாகாது. உடல்நலம், கல்வி முதலியவற்றில் பெற்றோரே முடிவு செய்தாக வேண்டிய நிலை வருமாயின், அதனை மறைக்காமல், காரணத்தைத் தெளிவாகச் சொல்லி முடிவு செய்க. காரணம் கேட்ட பிள்ளை, தன் விருப்பம் நிறைவேறாவிடினும் தான் மதிக்கப்பட்டதை உணரும்.

நமக்குள்ள கடமை

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் 7 கோடியே 21 இலட்சம் மக்களுள் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். வடபுலத்தினின்று வந்து குடியேறியோரும் இவ்வெண்ணில் அடங்குவர். ஆயிரவருக்கு இருவர்கூட இல்லாத நிலையில், நம் பிள்ளைகள் பள்ளியிலும் பணியிடத்திலும் பெரும்பாலும் தனியராகவே நிற்கின்றனர். இரவில் ஏன் உண்பதில்லை, கிழங்கை ஏன் விலக்குகிறாய் என்று நண்பர்கள் கேட்கும்போது, நாணாமலும் சினவாமலும் அவர்கள் விடை கூற வேண்டும். எல்லாரும் செய்கின்றனரே, நீயும் செய் என்று வற்புறுத்தப்படும்போது, அபயருசியைப்போல் முறுவலோடு மறுக்க வேண்டும். அதற்கான மனவலிமையை நாம் எங்கே கற்பிக்கின்றோம்? வீட்டில் ஒரு நாளும் தன் கருத்தைக் கூறிப் பழகாத பிள்ளை, வெளியில் திடீரென்று எவ்வாறு கூறும்? வீட்டுப் பெரியோர்முன் தகாததைத் தகாது என்று பணிவோடு சொல்லப் பழகிய பிள்ளைக்கோ, ஊரார்முன் சொல்லுதல் எளிதாகும்.

பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய 2500ஆம் ஆண்டு நிறைவு 1974–75இல் கொண்டாடப்பட்டபோது, சமணர் அனைவர்க்கும் பொதுவான ஒரு சின்னம் ஏற்கப்பட்டது. தத்துவார்த்த சூத்திரத்திலிருந்து அதன் அடியில் பொறிக்கப்பட்ட சூத்திரம், உயிர்கள் தமக்குள் ஒன்றற்கொன்று செய்யும் உதவியைப் பற்றியது. மூத்த உயிர் இளைய உயிர்க்கு உதவுதல் மட்டும் அன்று. இளைய உயிரும் மூத்த உயிர்க்கு உதவுகின்றது. நாம் குழந்தைக்கு அபயம் அளித்தால், குழந்தை நமக்குப் பொறுமையையும், செவி கொடுக்கும் பண்பையும், செருக்கின்மையையும் திரும்ப அளிக்கும்.

ஆதலின், சிராவக சிராவகியரே! வரும் சதுர்த்தசி மாலையில், உணவு முடிந்தபின், உங்கள் இல்லத்தின் இளைய பிள்ளையை அழைத்து, “இன்று நீ நடத்து, நாங்கள் கேட்கின்றோம்” என்று கூறுங்கள். முதல் நாள் அப்பிள்ளை நாணித் தலைகுனியலாம். அவசரப்படுத்த வேண்டா, காத்திருங்கள். அது வாய் திறந்து கூறும் முதல் சொல்லை, முனிவர் சொல்லைக் கேட்பது போன்ற கவனத்தோடு கேளுங்கள். அச்சம் நீங்கிய இல்லங்கள் பெருகுக! அவ்வில்லங்களில் வாய்மை தழைக்க! எவ்வுயிரும் அஞ்சாது வாழ்க!

அறம் வளர்க! அஹிம்சை வெல்க! ஜெய் ஜினேந்திரா!